சரிகைக் கரை பாடுமா?

"ஆள் பாதி, ஆடை பாதி" என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். மனிதருக்கு அது பொருந்துமா என்று வாதிட நாங்கள் இங்கே வரவில்லை. வாரம் முழுவதும் ஒரே சீருடையில் வரும் எங்களுக்கு அந்தக் கவலை குறைவு. ஆனால் ஒரு வாத்தியத்துக்கு அது பொருந்துமா? கித்தாரின் ஓரம் முழுவதும் சேலைச் சரிகை போல ஓடும் கரையும், நடுத்துளையைச் சுற்றியுள்ள பூ வளையமும், கழுத்தில் பதித்த முத்துச்சிப்பியும் அதன் குரலை மாற்றுமா? இது என்ன வேண்டாத கேள்வி என்று பக்கத்தைப் புரட்டப் போகும் தோழியரே, சற்றுப் பொறுங்கள். இந்தக் கேள்வியால் எங்கள் வகுப்பில் இரண்டு பேர் ஒரு வாரம் பேசாமல் இருந்தார்கள்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் பாடற்குழுவில் கித்தார் வாசிப்பவள் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒன்பதாம் வகுப்புத் தங்கை ஒருத்தி. அவளுடைய கித்தார் அவள் பெரியப்பா ஊர்க் கோயில் பாடற்குழுவில் பல ஆண்டுகள் வாசித்தது. தேன் நிறமாக இருந்த பலகை இப்போது பழுப்பேறிவிட்டது. பெண்ணின் இடுப்பைப் போல உள்ளே வளையும் இடத்தில், ஓரத்து வெள்ளைப் பட்டி பிரிந்து தொங்கிக் கொண்டிருந்தது. அது ஆடையில் மாட்டாமல் இருக்க, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியைக் குறுக்கே இரண்டு இடத்தில் ஒட்டியிருந்தாள்.

ஆண்டு விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, "மேடையில் இதையா எடுத்துக்கொண்டு நிற்பாய்?" என்று ஒரு குரல் எழுந்தது. யார் குரல் என்று மறைப்பானேன்? மேடை அலங்காரப் பொறுப்பு பத்தாம் வகுப்பினராகிய எங்களுடையது. குரலும் எங்களுடையதே. தெரிந்த ஒருவர் வீட்டிலிருந்து புதுக் கித்தார் ஒன்றை இரவல் வாங்கி வந்தோம். மயில் கழுத்து நீலம்! ஓரம் முழுவதும் ஜிகினா வைத்தாற்போலப் பளபளக்கும் கரை. துளையைச் சுற்றிக் கொடியும் பூவும். அந்தத் தங்கை அதை மடியில் வைத்து இரண்டு முறை மீட்டிவிட்டு, "இது பாட மாட்டேங்குது அக்கா, பெட்டியைத் தட்டுற மாதிரி இருக்கு" என்றாள். பழக்கமில்லாததால் அப்படித் தோன்றுகிறது என்று நாங்கள் அவளைச் சமாதானப்படுத்தினோம். சமாதானம் என்று எழுதுகிறோம். உண்மையில் அவள் வாயை அடைத்தோம்.

விழாவன்று ஒலிபெருக்கி அவள் பக்கம் வைக்கப்படவில்லை. முதல் பாட்டு நான்காம் வரிசையைத் தாண்டவில்லை. கம்பிகள் பலகைக்கு மேலே உயரமாக நின்றதால் அழுத்தி அழுத்தி அவள் விரல் நுனிகள் சிவந்துவிட்டன. மூன்றாம் பாட்டில் ஓரிடத்தில் கை தவறியது. பாட்டு அவளை விட்டுவிட்டு முன்னே போய்விட்டது. புகைப்படத்தில் மட்டும் அந்தக் கித்தார் வெகு அழகாக இருக்கிறது. இந்த மலரின் படப் பக்கத்திலேயே நீங்கள் அதைக் காணலாம்.

மறுநாள் தொடங்கியது வாதம். "அவ்வளவு அலங்காரம் செய்ததால்தான் குரல் கெட்டது" என்றாள் ஒருத்தி. "கரைக்கும் குரலுக்கும் சம்பந்தமே இல்லை" என்றாள் மற்றவள். "விலை கூடிய கித்தாரெல்லாம் கரை போட்டுத்தான் வருகிறது, அது என்ன சும்மாவா?" என்று மூன்றாவது குரல் வந்தது. மூவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்று இப்போது நினைக்கிறோம். ஆனால் எதிலும் முழு உண்மை இல்லை.

முதலில், கித்தாரில் பாடுவது எது? கம்பி என்று சொல்லத் தோன்றும். வெறும் கம்பியை இரண்டு ஆணிக்கிடையே கட்டி மீட்டிப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடச் சரியாகக் கேட்காது. கம்பியின் அதிர்வைக் குதிரை (வீணையில் அப்படித்தானே சொல்கிறோம்) வாங்கி மேற்பலகைக்குக் கொடுக்கிறது. ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனமே உள்ள அந்தப் பலகை மேலும் கீழும் துடித்துக் காற்றை அசைக்கிறது. உள்ளே அடைபட்ட காற்றும் துளை வழியே சேர்ந்து மூச்சு விடுகிறது. ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு 70 கிலோவுக்கும் மேல். நம்மில் பலருடைய எடையைவிட அதிகம்! அந்த இழுப்பைத் தாங்கவும் வேண்டும், துடிக்கவும் வேண்டும். இதற்காகப் பலகையின் அடியில், வெளியே தெரியாதபடி, மெல்லிய மரச் சட்டங்களை ஒட்டுகிறார்கள். அவற்றை எங்கே, எவ்வளவு கனத்தில் வைப்பது என்பதில்தான் கித்தார் செய்பவரின் வித்தை அடங்கியிருக்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை.

இனி ஓரத்துக்கு வருவோம். மேற்பலகையின் ஓரம் பக்கப் பலகைகளோடு சேர்த்து ஒட்டப்பட்டிருக்கிறது. கட்டிப்போட்ட இடம் எப்படி ஆடும்? 1787-ஆம் ஆண்டிலேயே எர்ன்ஸ்ட் கிளாட்னி என்ற ஜெர்மானியர், தகட்டின்மேல் மணலைத் தூவி அதை அதிரச் செய்தால், ஆடும் இடத்திலிருந்து மணல் ஓடி ஆடாத இடத்தில் கோடாகச் சேரும் என்று காட்டி எழுதினார். கித்தார் செய்பவர்கள் இன்று தேயிலைத் தூளைத் தூவி அதையே செய்து பார்க்கிறார்கள். பலகை முழுவதும் ஒன்றாக மேலும் கீழும் துடிக்கும் தாழ்ந்த ஒலியில், தூள் நடுவை விட்டு ஓடி ஓரத்தை ஒட்டிச் சேர்கிறது. அலங்காரக் கரை இருப்பதும் அதே ஓரத்தில்தான். ஆட்டமே இல்லாத இடத்தில் சுமார் 2 மில்லிமீட்டர் அகலப் பட்டியைப் பதித்தால், பாட்டில் என்ன பெரிய மாற்றம் வந்துவிடும்?

ஆனால் அந்தப் பட்டி வெறும் அழகுக்காக மட்டும் வைத்ததும் அல்ல. இதை எங்களுக்குச் சொன்னவர் கடைத்தெருவில் ஆர்மோனியம் பழுது பார்க்கும் தாத்தா. "உங்க சேலைக்குக் கீழே ஃபால்ஸ் எதுக்கும்மா தைக்கிறீங்க?" என்று கேட்டார். ஓரம் நைந்து போகாமல் இருக்க என்றோம். "அதேதான் இதுவும்" என்றார். மரத்தின் வெட்டு முனை, பூவின் காம்பு நீரை இழுப்பது போல ஈரத்தை இழுக்கும். மேசையிலும் கதவிலும் இடிபடும்போது முதலில் சில்லுப் பெயர்வதும் அங்கேதான். அந்த முனையை மூடி அடி தாங்கவே ஓரப்பட்டி. அதில் கோலம் போடுவது பிறகு வந்த ஆசை. துளையைச் சுற்றியுள்ள வளையமும் அப்படியே: நார்போக்கில் எளிதாகக் கீறல் விடக்கூடிய துளை விளிம்புக்கு அது ஒரு காப்பு, கோலம் அதன்மேல் வந்த அழகு. ஆகவே "கரை வீண்" என்று சொன்ன எங்கள் தோழி அவசரப்பட்டுவிட்டாள். கரை பாடுவதில்லை, பாடும் உடம்பைக் காக்கிறது.

அப்படியானால் விலை உயர்ந்த கித்தாரெல்லாம் கரை போட்டு வருகிறதே, அது ஏன்? இதற்குப் பதிலாக ஓர் அருமையான கதை கிடைத்திருக்கிறது. கதை என்றாலும் நடந்த கதை.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நாசரேத் என்று ஓர் ஊர் உண்டு. (நம் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் வேறு!) ஜெர்மனியின் மார்க்னாய்கிர்ஹன் என்ற ஊரைச் சேர்ந்த கிறிஸ்டியன் பிரடெரிக் மார்ட்டின், 1833-இல் நியூயார்க்கில் கடை திறந்து, 1830-களின் கடைசியில் அந்த நாசரேத்தில் குடியேறினார். அவர் தொடங்கிய கித்தார்த் தொழில் இன்றும் அங்கே நடக்கிறது. அவர்கள் கித்தாரின் உடுப்பை எண்ணால் குறிப்பார்கள். பெரிய உடல் கொண்ட "டி" வகையை எடுத்துக்கொண்டால், டி-18 என்பது மகாகனி மர உடலும் எளிய கோலமும் கொண்டது. டி-28 ஈட்டி மர உடல். டி-45-உம் ஈட்டி மரமே, ஆனால் மணக்கோலம்: ஓரமெல்லாம் வானவில் போல மின்னும் அபலோன் சிப்பித் துண்டுகள். 1933-இல் ஜீன் ஆட்ரி என்ற நடிகர்-பாடகருக்காக முதல் டி-45 செய்யப்பட்டது. 1942-இல் நிறுத்தும் வரை மொத்தம் 91 மட்டுமே செய்தார்கள்.

நம் கதைக்கு வேண்டியது நடுவிலுள்ள டி-28. அதன் மேற்பலகையின் ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமான சின்னஞ்சிறு மரச் சில்லுகளைச் சாய்த்துச் சாய்த்து, பாய் முடைந்தாற்போல ஒரு கரை வைத்தார்கள். ஹெர்ரிங் என்ற மீனின் முள்ளைப் போல் இருப்பதால் அதற்கு ஹெர்ரிங்போன் என்று பெயர். நாம் மீன்முள் கரை என்று வைத்துக்கொள்வோம். 1947-இல் வந்த டி-28-களில் அந்தக் கரை இல்லை. ஜெர்மனியிலிருந்து வந்த பட்டி தீர்ந்து போய், சாதாரணக் கறுப்பு வெள்ளைக் கோடுகள் வந்துவிட்டன.

வருடங்கள் ஓடின. மீன்முள் கரை உள்ள பழைய கித்தார் புதியதைவிட இனிமையாகவும் கம்பீரமாகவும் பாடுகிறது என்று வாசிப்பவர்கள் கண்டார்கள். அது பொய்யில்லை, உண்மையாகவே வேறுபாடு இருந்தது. மீன்முள் கரை கொண்ட கித்தாரைத் தேடித் தேடி வாங்கினார்கள், அதன் விலையும் ஏறிக்கொண்டே போனது. கரையில்தான் குரல் இருக்கிறது என்று ஒருவர் நம்பினால் அவரைக் குறை சொல்ல முடியுமா? கரை இருந்தால் நல்ல குரல், இல்லாவிட்டால் குறைந்த குரல். கண்ணால் பார்த்த சாட்சி அல்லவா?

ஆனால் உள்ளே ஒன்று நடந்திருந்தது. அடியில் ஒட்டும் சட்டங்களை முன்பெல்லாம் நடுவில் குழித்துச் செதுக்கி, எடையைக் குறைத்து ஒட்டுவார்கள். பலகை தாராளமாகத் துடிக்கும். கனமான கம்பிகளைப் பூட்டி வாசிக்கும் வழக்கம் பரவியதும் பலகைகள் உப்பிக்கொண்டு பழுதுக்கு வரத் தொடங்கின. ஆகவே 1944-இன் பிற்பகுதியில் செதுக்குவதை நிறுத்தி, சட்டங்களைக் கனமாகவே விட்டுவிட்டார்கள். உறுதி கூடியது, குரல் சற்று இறுகியது.

ஆண்டுகளைக் கவனியுங்கள் தோழியரே! சட்டம் மாறியது 1944-இன் முடிவில். கரை மாறியது அதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்து. நடுவில் 1945-இலும் 1946-இலும் செய்த கித்தார்களில் மீன்முள் கரை உண்டு, செதுக்கிய சட்டம் இல்லை. கரையில்தான் குரல் என்றால் அவையும் பழையன போலவே பாட வேண்டும். ஆனால் விவரம் தெரிந்தவர்கள் கரையைப் பார்த்ததோடு நிற்காமல் 1944-க்கு முந்தியதா பிந்தியதா என்றுதான் கேட்கிறார்கள். இன்னொரு பக்கமும் பாருங்கள்: அதே பழைய காலத்து டி-18-இல் மீன்முள் கரை கிடையவே கிடையாது. ஆனால் செதுக்கிய சட்டம் உண்டு. அதையும் இன்று பொக்கிஷமாகப் போற்றுகிறார்கள். இதைவிடத் தெளிவான சோதனையை எந்த ஆய்வுக்கூடத்தில் செய்ய முடியும்? யாரும் திட்டமிடாமல், பட்டி தீர்ந்து போனதால் தானாக நடந்த சோதனை இது.

1976-இல் அந்த நிறுவனம் எச்.டி-28 என்று ஒன்றைக் கொண்டு வந்தது. செதுக்கிய சட்டத்தையும் மீன்முள் கரையையும் ஒரே கித்தாரில் திரும்பக் கொடுத்தார்கள். பெயரில் சேர்த்த எழுத்து எதைக் குறிக்கிறது? உழைக்கும் சட்டத்தை அல்ல, ஹெர்ரிங்போனை! பாவம், அடியில் இருந்து பாரம் சுமக்கும் சட்டத்துக்குப் பெயரில் ஓர் எழுத்துகூடக் கிடைக்கவில்லை. வீட்டில் சமைப்பவர் ஒருவர், பரிமாறிப் பெயர் வாங்குபவர் இன்னொருவர் என்பது போலத்தான்.

ஆகவே கரை ஓர் அடையாளம். நகைக் கடையில் ஹால்மார்க் முத்திரை இருக்கிறதே, அது பொன்னைப் பொன்னாக்குவதில்லை. பொன் என்று சொல்கிறது, அவ்வளவுதான். அந்த முத்திரையை யார் வேண்டுமானாலும் பித்தளைமேல் குத்தலாம் என்றால் என்ன ஆகும்? அதுதான் எங்கள் நீலக் கித்தாரில் ஆனது. நல்ல கித்தார்களின் கரையைப் பார்த்து, அதே போன்ற கரையை மலிவான பலகையில் ஒட்டிவிட்டார்கள். துளையைச் சுற்றியிருந்த கொடியும் பூவும் பதித்ததே அல்ல. நகத்தால் சுரண்டியபோது தாளில் அச்சிட்டு ஒட்டிய படம் என்று தெரிந்தது. (சுரண்டியது நாங்கள் அல்ல. ஏற்கனவே ஓரிடத்தில் உரிந்திருந்தது.)

தாத்தா இன்னொரு வித்தையும் கற்றுக் கொடுத்தார். கித்தார் வாங்க எண்ணும் பெற்றோர் கவனிக்க வேண்டும். வெளி ஓரத்தைப் பார்த்தால் மரம் எப்படிப்பட்டது என்று தெரியாது, கரை அதை மறைத்துவிடுகிறது. துளையின் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். மேலே தெரியும் மரக்கோடு விளிம்பிலும் அப்படியே இறங்கினால் அது ஒரே பலகை. பிஸ்கட்டை அடுக்கியது போல அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். இரவல் கித்தார் அடுக்கடுக்காக இருந்தது. பெரியப்பாவின் கித்தாரில் கோடு நேராக இறங்கியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எங்களுக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ தெ தோர்ரெஸ், இன்றைய கித்தாரின் உருவத்தையே வகுத்தவர் என்று போற்றப்படுபவர், 1862-இல் ஒரு கித்தாருக்கு முதுகும் பக்கங்களும் காகித அட்டையால் செய்தார்; மேற்பலகை மட்டும் நல்ல மரம். மேற்பலகையே முக்கியம் என்று காட்டச் செய்தது அது. இன்றும் பார்சலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே மனிதர் 1858-இல் செவில் கண்காட்சியில் வெண்கலப் பதக்கம் பெற்றவர். அலங்காரம் மிகுந்த கித்தார்களையும் செய்தவர்தான். அலங்காரத்தை அவர் வெறுக்கவில்லை, குரல் எங்கிருந்து வருகிறது என்பதில் மட்டும் குழப்பிக்கொள்ளவில்லை. 2018-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், முதுகும் பக்கமும் மட்டும் வெவ்வேறு மரமாகவும் மற்றவை ஒன்றாகவும் உள்ள ஆறு கித்தார்களை, எது எதுவென்று தெரியாதபடி 52 வாசிப்பாளர்களிடம் கொடுத்தார்கள். விலை உயர்ந்த பிரேசில் ஈட்டி மரத்துக்கும் மலிவான மரத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண்! (நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரமும் அந்த ஆறில் ஒன்று.) முழு முதுகையே மாற்றியும் காது பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை என்றால், ஓரத்துப் பட்டி எம்மாத்திரம்?

படித்ததோடு நிற்கவில்லை. ஒரு சனிக்கிழமை மதியம் நாங்களும் சோதித்தோம். மூன்று தோழியர் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்கள். விடுதித் தங்கை ஒரே ராகத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். கைவேலை வகுப்பின் களிமண்ணில் எலுமிச்சங்காய் அளவு எடுத்து, ஒருமுறை ஓரப்பட்டியின்மேல் ஒட்டினோம், ஒருமுறை குதிரையின் பக்கத்தில் ஒட்டினோம், ஒருமுறை ஒன்றும் ஒட்டவில்லை. ஓரத்தில் ஒட்டியதை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. குதிரைப் பக்கம் ஒட்டியதும் "சளி பிடித்துவிட்டது" என்று மூவரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

இதிலிருந்து எங்களுக்கு ஒரு பயமும் வந்தது. ஓரத்துக் கரை கெடுதல் செய்யாது, சரி. ஆனால் நாம் செய்யும் அலங்காரம்? பள்ளிக்குச் சொந்தமான இன்னொரு பழைய கித்தாரில் ஒவ்வொரு ஆண்டும் ஒருத்தி ஒரு படம் ஒட்டியிருக்கிறாள்: பூனை, நட்சத்திரம், இதயம், யாரோ ஒருத்தியின் பெயர் எழுதிய சீட்டு. எல்லாம் துடிக்க வேண்டிய மேற்பலகையின் நடுவில்! ஒன்றிரண்டு தாள்படம் கேட்கும் அளவுக்கு ஒன்றும் செய்துவிடாது என்றாலும், ஒன்றின்மேல் ஒன்றாகப் பதினைந்து இருபது என்றால் அது ஒரு போர்வை. கனமாகப் பூசும் வண்ணமும் அப்படியே. அந்தப் படங்களை நீராவி காட்டி உரிக்கலாமா என்று தாத்தாவிடம் கேட்டோம். ஒட்டும் விட்டுவிடும் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இப்போது எதிர்க்கட்சியின் வாதத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் ஒரு வாரம் பேச மாட்டாள். "வாத்தியம் அழகாக இருந்தால் வாசிப்பவளுக்குத் தைரியம் வரும், தைரியம் வந்தால் பாட்டு நன்றாக வரும், அப்படியானால் அலங்காரம் ஒலியை மாற்றத்தானே செய்கிறது?" என்பது அவள் கேள்வி. இதற்கு நாங்கள் உடனே பதில் சொல்ல முடியாமல் விழித்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். நல்ல பாவாடை உடுத்திய நாளில் நம் நடையே மாறுகிறதே! வீணைக்கு யாளி முகமும், முன்பு தந்தத்திலும் இப்போது பிளாஸ்டிக்கிலும் செய்யும் கோலமும் வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லையே! வாத்தியத்தை அழகாகச் செய்வது அதற்குக் கொடுக்கும் மரியாதை என்பதும் சரியே.

ஆனால் யாருடைய கண்ணுக்கு அழகு என்று கேட்க வேண்டாமா? நீலக் கித்தார் எங்களுக்குத் தைரியம் தந்தது, வாசித்தவளுக்கு அல்ல. அவள் மேடையில் தலை நிமிரவே இல்லை. பிறகு ஒருநாள் கேட்டபோது, "பெரியப்பாவோடது இருந்தா கண்ணை மூடிக்கிட்டே வாசிப்பேன் அக்கா. இதுல விரலைப் பார்த்துக்கிட்டே இருக்க வேண்டியதாப் போச்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எங்களைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகவே எங்கள் கருத்து இது. பள்ளிச் சந்தையில் எலுமிச்சைச் சாறும் சுண்டலும் விற்றுச் சேர்த்த பணம் பாடற்குழுவிடம் இருக்கிறது. அதில் அடுத்த ஆண்டு மேடைக்காகப் பளபளக்கும் புதுக் கித்தார் வாங்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. வேண்டாம். முதலில் பெரியப்பாவின் கித்தாருக்குப் புதுக் கம்பி போடுவோம். பிரிந்த பட்டியை ஒட்டுவோம். அழகுக்காக அல்ல, ஐப்பசி மழை தொடங்குமுன் ஈரம் ஏறாமல் இருக்க. பணம் மிஞ்சினால் சேர்த்து வைத்து, கோலம் குறைவாகவும் மேற்பலகை ஒரே மரமாகவும் உள்ள ஒன்றை, வாசிக்கப் போகிறவளையே கடைக்கு அழைத்துச் சென்று, கண்ணை மூடிக் கேட்டு வாங்குவோம். இதை எழுதிப் பாடற்குழுப் பொறுப்பாளர் சிஸ்டரிடம் கொடுத்திருக்கிறோம். படித்துவிட்டுச் சிரித்தார்கள், இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

ஒட்டும் வேலைக்கு மட்டும் நாங்கள் காத்திருக்கவில்லை. அதற்குத் தாத்தா காசு வேண்டாம் என்றுவிட்டார். பழைய பிளாஸ்டிக் பட்டி காலப்போக்கில் சுருங்கும். சுருங்கும்போது வளைவை விட்டு நேராக இழுத்துக்கொள்ளும். அதனால்தான் இடுப்பில் பிரிந்தது என்றார். மேல் முனையில் அதை அறுத்து, இடுப்புக்குள் தள்ளி ஒட்டினார். அறுத்த இடத்தில் நகக்கண் அளவு இடைவெளி விழுந்தது. அதில் கறுப்பு மரத்துண்டு ஒன்றைச் செருகினார். வெள்ளைக் கரையில் கறுப்புப் பொட்டு போலத் தெரிகிறது.

அப்போதுதான் அந்தத் தங்கை மெல்லக் கேட்டாள்: "தாத்தா, பெரியப்பா பேரோட முதல் எழுத்தைச் சிப்பியில பதிச்சுத் தர முடியுமா?" அலங்காரத்தை எதிர்த்து இத்தனை பக்கம் எழுதிக் கொண்டிருந்த நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "தலைப் பக்கம் வைக்கலாம், பாட்டுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் தாத்தா.

பசை காயும் வரை பட்டி நகராமல் இருக்கக் கித்தாரைச் சுற்றிக் கட்ட நாடா வேண்டும் என்றார். தையல் அறையிலிருந்து பாவாடை நாடா ஒரு சுருள் முழுவதும் போயிற்று. அறிவியல் அறையின் மேசையில் அது தலை முதல் கால் வரை கட்டுப் போட்ட நோயாளி போலப் படுத்திருக்கிறது. சனிக்கிழமை காலை அவிழ்க்கலாம் என்று உத்தரவு.

— பாடற்குழுத் தோழியர் சார்பில், பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி